டெலவேர் ஆற்றின் ஷாட் மீன்: சினையோடு வருவதை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிட வேண்டுமா?

கரைநடை | ஏப்ரல் 28, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியின் லாம்பர்ட்வில் ஊரில், டெலவேர் ஆற்றின் கிழக்குக் கரையில், நேற்று மாலை ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை, வசந்தத்தில் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் ஷாட் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆற்றுக்கு மூன்று ஆண்டுகளாக வருகிறேன். ஆனாலும் ஷாட் மீனைக் கையில் பிடித்தது நேற்றுத்தான். அந்த மாலையில் நடந்ததை விவரமாக எழுதி, எனக்கு எழுந்த இரண்டு ஐயங்களை அனுபவம் உள்ளவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஷாட்புஷ் என்று இங்கே அழைக்கப்படும் குறுமரங்கள் கரையெங்கும் வெள்ளையாகப் பூத்திருந்தன. இந்த மீன் ஆற்றில் ஏறும் நாட்களில் பூப்பதால்தான் அந்த மரத்துக்கே அப்படிப் பெயர் வந்ததாம். தண்ணீர் கணுக்காலைக் கடிக்கும் குளிர். வெப்பமானியை அமிழ்த்திப் பார்த்தேன், 13 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஆறரை அடிக் கோல், 6 பவுண்டு நரம்பு, அதன் நுனியில் டார்ட் எனப்படும் சிறிய ஈயத்தலை முள். கூம்பை ஒருபுறம் சாய்வாகச் சீவியதுபோன்ற தலை, சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம், பின்னால் மான்வால் மயிர் கொஞ்சம். எடை எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ்தான்.

ஆறரை மணி வரை ஒன்றுமே தட்டவில்லை. வெயில் எதிர்க்கரையின் நியூ ஹோப் வீடுகளுக்குப் பின்னால் இறங்கி, ஆற்றின் மேல் நிழல் விழுந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் எட்டு மீன்கள் கடித்தன. அவற்றில் ஆறு, ஒன்றிரண்டு நொடி இழுத்து ஓடிவிட்டுக் கழன்றுபோயின. ஏழாவது ஓர் ஆண் மீன். அதைக் கரைக்கற்களின் மேல் இழுத்து ஏற்றியது என் பிழை. விரலில் ஒட்டிய செதில்கள் வெள்ளிக் காசுகள் போல உதிர்ந்தன. நீரில் விட்டபோது பக்கவாட்டில் சாய்ந்தபடியே நீரோட்டத்தோடு போனது. அது பிழைத்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எட்டாவது ஒரு பெண் மீன், ஐந்து பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் கைவலையைக் கொடுத்து உதவினார். அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வயிற்றைக் கீறியபோது, குடலுக்கும் இரைப்பைக்கும் இடமே இல்லாதபடி இரண்டு நீண்ட சினைப்பைகள் ஆரஞ்சு நிறத்தில் நிறைந்திருந்தன. இரைப்பை தட்டையாக, வெறுமையாக இருந்தது. கத்தியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் ஐயங்கள் இவை. எட்டில் ஆறு மீன்கள் ஏன் கழன்றன? அதைவிட முக்கியமாக, சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகச் சினையோடு மேலேறும் மீனை எடுத்துக்கொள்வது முறையா?

தக்கை | ஏப்ரல் 29, காலை 7.15

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டாவதற்குப் பிறகு வருகிறேன். இந்த ஆற்றில் பன்னிரண்டு வசந்தங்களாக ஷாட் பிடிக்கிறேன்.

ஷாட் மீனின் வாயோரம் காகிதம் போல மெல்லிய தோல். முள் அதில் கிழித்துக்கொண்டு ஒரு துளையை உண்டாக்கும். மீன் திரும்பித் தலையை உதறும்போது அந்தத் துளை பெரிதாகி முள் தானாக விழுந்துவிடும். ஆகவே மற்ற மீன்களுக்குச் செய்வதுபோல் கோலை வெட்டி இழுத்து முள்ளைப் பதிக்கக் கூடாது. நீரோட்டமே பதித்துக்கொள்ளும். ரீலின் இறுக்கத்தை, கையால் நரம்பைப் பிடித்து இழுத்தால் தயக்கமின்றி ஓடிவரும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். கோல் வளைந்தே இருக்க வேண்டும், நரம்பு ஒருபோதும் தொய்யக் கூடாது. மீன் எதிரோட்டத்தில் ஓடினால் ஓடட்டும். அது கீழ்நோக்கிப் போய்விட்டால், நீரோட்டமும் மீனும் சேர்ந்து இழுக்கும்; அப்போது நின்ற இடத்திலிருந்து வலிந்து இழுக்காமல், கரையோடு நீங்களும் கீழே நடந்து போய் மீனுக்கு நேராக நில்லுங்கள். நீங்கள் இழந்த ஆறில் பாதியாவது இந்த ஒரு பழக்கத்தால் நின்றிருக்கும்.

வீசுவது பற்றியும் ஒன்று. வேக நீரும் மெதுநீரும் சந்திக்கும் கோடு ஒன்று மேற்பரப்பில் தெரியும். ஷாட் மீன்கள் ஆற்றில் பரவிப் போவதில்லை. ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்கள் போல அந்தக் கோட்டை ஒட்டி, அடியோரமாக, கூட்டங்கூட்டமாக ஏறுகின்றன. சற்று மேல்நோக்கிக் குறுக்காக வீசி, டார்ட் அமிழ்வதற்கு நான்கு எண்ணும் நேரம் கொடுத்து, பிறகு நரம்பை இறுக்கமாக வைத்து நீரோட்டமே அதை வில் போல வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவர விட வேண்டும். பெரும்பாலான கடிகள் அந்த வளைவின் முடிவில், டார்ட் அடியிலிருந்து எழும்பும் நொடியில்தான் வரும். அடியில் ஒருமுறையும் உரசாமல் வந்தால் எடை போதவில்லை என்று பொருள். நீர் பெருகியிருக்கும் நாளில் கால் அவுன்ஸுக்கு மாறுங்கள்.

வெயில் சாய்ந்த பிறகு கடித்ததில் வியப்பில்லை. வெளிச்சம் மிகுந்தால் இவை ஆழத்தை நாடும்.

நீர்வழி | ஏப்ரல் 29, மதியம் 12.40

வெறுமையான இரைப்பையைக் கவனித்து எழுதியதற்கு கரைநடைக்கு நன்றி. ஷாட் மீனை விளங்கிக்கொள்ள அதுவே சரியான வாசல்.

இந்த மீன் ஆற்றில் பிறந்து, முதல் இலையுதிர்காலத்தில் விரல் நீளக் குஞ்சாகக் கடலுக்குப் போய், பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் கழித்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது. கடலில் அது சும்மா இருப்பதில்லை. கோடையில் பல ஆறுகளின் ஷாட் மீன்கள் மெய்ன் வளைகுடாவிலும், கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலும் கூடுகின்றன. குளிர்காலத்தில் தெற்கே இறங்குகின்றன. ஆற்றுக்குள் நுழைந்தபின் ஏறக்குறைய ஒன்றும் உண்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிரோட்டத்தில் நீந்துகிறது.

அப்படியானால் டார்டை ஏன் கடிக்கிறது? எரிச்சலால் என்பார் ஒருவர், கடலில் சிறு உயிர்களைக் கவ்விய பழக்கத்தின் எச்சம் என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது; டார்ட் எவ்வளவு சிறியது, எவ்வளவு மெதுவாக நகரும்போது கடிபடுகிறது என்று பாருங்கள். ஆனால் இங்கே முக்கியமானது வேறு. பசியில்லாத மீன் கடிக்கிறது. அது செலவழிக்கும் ஒவ்வொரு துளி வலுவும் திரும்பி வராத சேமிப்பு. பத்து நிமிடம் அதைக் களைப்படைய விட்டு, பிறகு விட்டுவிட்டேன் என்று சொல்வதில் ஒரு விலை இருக்கிறது என்பதை எல்லோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெண் மீன் ஒரு பருவத்தில் ஒரு இலட்சம் முதல் ஆறு இலட்சம் வரை முட்டை தாங்கும். ஒரே இரவில் எல்லாவற்றையும் இடுவதில்லை. பகுதி பகுதியாக முதிரவைத்து, இருட்டத் தொடங்கும் வேளைகளில், பல இரவுகளில் இடுகிறது. நீங்கள் லாம்பர்ட்வில்லில் பார்த்தது அநேகமாக ஒரு முட்டையும் இடாத மீன். அது போக நினைத்த இடம் டெலவேர் வாட்டர் கேப் மலையிடுக்கும் அதற்கும் மேலேயும், நியூ யார்க் மாநிலத்தின் ஹான்காக் வரைக்கும். இந்த ஆற்றின் தலைத்தண்டில், அதாவது முதன்மை ஓட்டத்தில், ஓர் அணைகூட இல்லாததால் அது சாத்தியமாகிறது. மிசிசிப்பிக்குக் கிழக்கே அமெரிக்காவில் இவ்வளவு நீளத்துக்கு, ஏறத்தாழ 530 கிலோமீட்டருக்கு, அணையில்லாமல் ஓடும் ஆறு இது ஒன்றே.

வெண்செதில் | ஏப்ரல் 29, மாலை 6.05

மாற்றுக் கருத்தை முன்வைக்க அனுமதி கேட்கிறேன். கரைநடை ஐயாவின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்றே உறுதியாக நினைக்கிறேன்.

இந்த மீனை உண்பது இந்த ஆற்றங்கரை வாழ்வின் ஒரு பகுதி. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே லெனாபே மக்கள் வசந்தத்தில் இதைப் பிடித்து, புகையிட்டுக் காயவைத்து, ஆண்டு முழுவதற்கும் சேர்த்துவைத்தார்கள். அறிவியலில் இதற்கு வைத்திருக்கும் பெயரில் 'சாபிடிஸ்ஸிமா' என்ற சொல் இருக்கிறது. மிக மிகச் சுவையானது என்று பொருள். லாம்பர்ட்வில்லிலேயே, கரைநடை நின்ற இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் லூயிஸ் தீவு இருக்கிறது. 1888ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு குடும்பம் வசந்த மாலைகளில் கரைவலை இழுத்து வருகிறது. படகில் வலையை ஏற்றி, அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், கீழே கரைசேர்த்து, கைகளால் இழுப்பார்கள். நம் கடற்கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி சொந்த ஊருக்கே கூட்டிப்போகும். 1981 முதல் அந்த ஊரில் ஷாட் திருவிழாவும் நடக்கிறது.

உண்ணப்படும்வரைதான் ஒரு மீனின் மேல் மக்களுக்கு அக்கறை இருக்கும் என்பது என் கருத்து. இந்த ஆற்றில் ஷாட் எவ்வளவு வருகிறது என்று ஆண்டாண்டாக யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? வலை இழுத்தவர்கள்தாம். ஒவ்வொரு நாளும் எத்தனை மீன் வந்தது என்று அவர்கள் எழுதி வைத்த கணக்கு இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைத்த அரிய ஆவணம். அவர்கள் மீனை விற்றவர்கள், உண்டவர்கள். சினையோடு வந்த ஒரு மீனை ஒரு குடும்பம் உண்பதால் ஆறு வற்றிவிடாது.

நீர்வழி | ஏப்ரல் 29, இரவு 9.30

வெண்செதில் சொன்னதில் பாதியை மனமார ஏற்றுக்கொள்கிறேன். லூயிஸ் தீவின் குறிப்பேடுகள் இல்லையென்றால் இந்த ஆற்றின் இருண்ட காலத்தை நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் குறிப்பேடுகள் சொல்வது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அட்லாண்டிக் கரையிலேயே மிகுதியாக ஷாட் பிடிபட்ட ஆறு டெலவேர். அரை நூற்றாண்டுக்குள் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. அளவுக்கு மீறிய பிடிப்பு ஒரு காரணம். அதனினும் பெரியது ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய பகுதியில் ஆற்றில் கலந்த நகரக் கழிவும் ஆலைக் கழிவும். அந்தக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை முழுவதுமாக உறிஞ்சிக்கொண்டன. 1940களிலும் 1950களிலும் வசந்தத்தின் பிற்பகுதி தொடங்கி இலையுதிர்காலம் வரை அங்கே ஆக்சிஜன் பூச்சியத்தை ஒட்டி நின்றது. அணை இல்லாத ஆற்றில், கண்ணுக்குத் தெரியாத ஓர் அணை. மேலே ஏற வந்தவை அதில் மூச்சுத் திணறின. எப்படியோ மேலேறி முட்டையிட்டு, அங்கே பிறந்த குஞ்சுகளும் இலையுதிர்காலத்தில் கடலுக்கு இறங்கும்போது அதே சுவரில் மாட்டிக்கொண்டன.

1961இல் டெலவேர் ஆற்றுப்படுகை ஆணையம் அமைந்ததும், 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்ததும், கழிவுநீர் நிலையங்கள் எழுந்ததும்தான் அந்தச் சுவரை உடைத்தன. 1980களில் மீன்கள் திரும்பின. லாம்பர்ட்வில் திருவிழா 1981இல் தொடங்கியதன் பின்னணியே அந்த மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த மீட்சி நிலைக்கவில்லை. அட்லாண்டிக் மாநிலங்களின் கடல்மீன்வள ஆணையம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, கடற்கரை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஷாட் இருப்பு குன்றிய நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. வளர்ந்த மீன்களின் இறப்பு தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய ஆறுகளில் டெலவேரையும் அது சேர்த்திருக்கிறது. ஆகவே 'ஒரு மீனால் ஆறு வற்றாது' என்ற வாதம் 1890இல் சொல்லப்பட்டபோதும் சரியாகத்தான் கேட்டிருக்கும் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

கொள்ளிடக்கரை | ஏப்ரல் 30, காலை 8.20

இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு உல்லம் மீன் நினைவுக்கு வந்தது. வங்காளத்தார் இலிஷ் என்றும், கோதாவரிக் கரையார் புலசா என்றும் கொண்டாடும் அதே மீன்தான் நம் உல்லம். ஷாட் மீனுக்கு நெருங்கிய உறவு. கடலில் வளர்ந்து, ஆற்று வெள்ளத்தில் ஏறி முட்டையிடும் அதே வாழ்க்கை. முள்ளும் அதே போல. ஷாட் மீனை முதன்முதலாக இங்கே ஒரு கடையில் பார்த்தபோது, வெள்ளிப் பக்கமும், செவுளுக்குப் பின்னால் உள்ள கரும்புள்ளியும், வயிற்றோரம் ரம்பம் போலிருந்த செதில் விளிம்பும் என்னை ஏமாற்றிவிட்டன. உல்லம் என்றே வாங்கினேன்.

ஆடிப் பெருக்கில் கொள்ளிடத்தில் உல்லம் ஏறியதை என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததில்லை. கீழணையும், 1934இல் முடிந்த மேட்டூர் அணையும், ஆற்றில் வரும் நீரின் காலத்தையும் அளவையும் மாற்றிவிட்ட பிறகு காவிரியில் அந்த ஏற்றம் ஏறத்தாழ முடிந்துபோயிற்று. 1975இல் ஃபரக்கா தடுப்பணை வந்தபின் கங்கையில் அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்த இலிஷ் நின்றுபோனதும் இதே கதைதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காவிரியில் உல்லம் குறைந்தபோது, சினை மீனை உண்ணலாமா என்ற கேள்வியை எங்கள் ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்பதற்கு முன் மீன் போய்விட்டது. கரைநடை இந்தக் கேள்வியை மீன் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே கேட்கிறார். அதற்காக அவருக்கு என் வணக்கம்.

அடுப்பங்கரை | ஏப்ரல் 30, காலை 11.00

விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். கரைநடை தம்பி எடுத்து வந்த மீன் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஷாட் மீனின் முள் நடுமுதுகெலும்போடு முடிவதில்லை. தசைக்குள்ளே, எதனோடும் சேராத கவைமுட்கள் வரிசை வரிசையாக ஓடும். முள்ளம்பன்றியை உள்வெளியாகத் திருப்பியதால் உண்டான மீன் என்று மிக்மாக் பழங்குடி மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. இந்தக் கவைமுட்களை எடுக்கக் கனெடிகட் மாநிலத்தில் தலைமுறையாகக் கைப்பழக்கம் உள்ளவர்கள் உண்டு. நமக்கு அது வராது. ஆறு மணி நேரம் அடுப்பில் வைத்தால் முள் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முள் இருக்கும், மீன்தான் இருக்காது.

நான் செய்வது இது. தோலோடு சதையை இரு பக்கமும் எடுத்து, தோல்வரை எட்டும்படி, ஒரு நெல்மணி அகலத்துக்கு ஒரு கீறலாக நெருக்கமாகக் கீறிவிடுவேன். கத்தி போகும்போது முள் அறுபடும் சத்தம் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் கத்தி கூராக இல்லை. மஞ்சள், மிளகு, உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் தடவி, எண்ணெயில் நிதானமாகப் பொரித்தால் அறுபட்ட முள் மொறுமொறுப்பாகிவிடும். சினையை, மேல்தோல் கிழியாமல், வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு மூடி போட்டுச் சிறுதீயில் புரட்டுங்கள். வெந்நீரில் போடாமல் நேரே எண்ணெயில் வைத்தால் வெடித்து முகத்தில் தெறிக்கும். இங்கே உள்ளவர்கள் வெண்ணெயில் வாட்டி உண்கிறார்கள். நான் சிறிய வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்ப்பேன்.

எடுத்துவிட்ட மீனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதை முழுவதுமாக உண்பது.

தக்கை | ஏப்ரல் 30, இரவு 8.45

இரண்டாவது கேள்விக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

பல ஆண்டுகளாக நான் பெண் மீன் எதையும் எடுப்பதில்லை. ஆனால் விட்டுவிடுவதையே ஒரு புண்ணியமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஷாட் மிகவும் நலிந்த மீன். செதில் உதிர்ந்தால் தோல் காயமாகும், காயத்தில் பூஞ்சை ஏறும். கரைநடை முதல் மீனைக் கல்லின் மேல் இழுத்ததுபோல் நானும் தொடக்கத்தில் எத்தனையோ மீன்களை இழுத்திருக்கிறேன். அவற்றை 'விட்ட மீன்கள்' என்று கணக்கில் எழுதினேன். உண்மையில் கொன்ற மீன்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

விடுவதென்றால் சரியாக விடுங்கள். முள்ளின் உட்பக்கமுள்ள சிறு எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கித் தட்டையாக்கிவிட்டால், நீருக்குள்ளேயே குறட்டின் ஒரு திருப்பில் கழன்றுவிடும். முடிச்சுப் போட்ட நைலான் வலை வேண்டாம், ரப்பர் பூசிய கைவலை வைத்திருங்கள். மீனை நீரை விட்டு எடுக்காதீர்கள். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால், நீருக்குள் இருக்கும்போது எடுங்கள். தலையை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி வயிற்றின் கீழே கையைக் கொடுத்துக் காத்திருந்தால், அது தானே வாலை அசைத்துக் கையிலிருந்து போகும். தள்ளிவிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர் 20 டிகிரியைத் தொடும் நாளோடு நான் ஷாட் தூண்டிலை மூட்டை கட்டிவிடுகிறேன். வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவு, மீனின் சேமிப்பும் அப்போது தீர்ந்திருக்கும். நாம் எவ்வளவு பதமாக விட்டாலும் அவற்றில் பல பிழைப்பதில்லை. வட கரோலினாவுக்குத் தெற்கே உள்ள ஆறுகளில் ஷாட் முட்டையிட்டதும் இறந்துவிடுகிறது. வடக்கே போகப் போக, ஒரு பகுதி உயிரோடு கடலுக்குத் திரும்பி மறுபடியும் வருகிறது. டெலவேரிலும் அப்படித் திரும்பி வருபவை சில உண்டு. அந்தச் சிலவற்றை நாம் மே மாதக் கடைசியில் விளையாட்டுக்காக இழக்க வேண்டியதில்லை.

எடுக்க விரும்புபவர்கள் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்; எண்ணிக்கை வரம்பு மாறிக்கொண்டிருக்கிறது. ஹிக்கரி ஷாட் என்ற உறவுக்கார மீனையும் பிரித்தறியப் பழகுங்கள்: வாயை மூடினால் அதன் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

வெண்செதில் | மே 1, காலை 7.50

இரண்டு நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நீர்வழி சொன்ன 2020 மதிப்பீட்டை நான் அறிந்திருக்கவில்லை. உண்ணும் மரபு தொடர வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்த மரபைக் காப்பாற்ற ஆண் மீன் போதும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சினைக்காகவே ஷாட்டை விரும்புகிறவர்களுக்கு இது எளிதல்ல, எனக்கும் எளிதல்ல. ஆயினும் இந்த ஆண்டு முதல் பெண் மீனை எடுக்க மாட்டேன்.

தனி மனிதர்களின் கட்டுப்பாட்டை மட்டும் பேசிப் பெரிய காரணங்களை மறந்துவிடக் கூடாது என்ற ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். தலைத்தண்டில் அணை இல்லை என்றாலும் கிளையாறுகளில் இருக்கின்றன. லீஹை ஆறு டெலவேரில் சேரும் ஈஸ்டன் நகரிலேயே ஓர் அணை நிற்கிறது. மீன் ஏறும் படிகள் கட்டியும் பெரும்பாலான ஷாட் மீன்கள் அதைக் கடப்பதில்லை.

நீர்வழி | மே 1, மாலை 5.30

வெண்செதிலுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. கிளையாறுகள் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி, நல்ல செய்தியும் அங்கேதான் இருக்கிறது. மஸ்கனெட்காங் ஆற்றின் ஹியூஸ்வில் அணையை 2016இல் இடித்தார்கள். அடுத்த வசந்தத்திலேயே அணை நின்ற இடத்துக்கு மேலே ஷாட் காணப்பட்டது. பாலின்ஸ்கில் ஆற்றின் கொலம்பியா அணையை அகற்றிய பிறகு 2019இல் அங்கேயும் வந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த வழி, திறந்த மறு பருவத்தில் மீன் நுழைகிறது.

கரைநடைக்கு ஒரு பரிந்துரை. மே நடுவில் ஒரு மாலை வாட்டர் கேப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆழமில்லாத, பரந்த, மெதுவாக ஓடும் பகுதியில், இருட்டும் நேரத்தில் அவை மேற்பரப்புக்கு வந்து முட்டையிடும். ஓசையெழுப்பாமல் நில்லுங்கள் என்று சொல்வேன். இந்த மீன் டால்பின்களின் ஒலியலைகளைக் கேட்கும் அளவுக்கு, மனிதக் காதுக்கு எட்டாத மிகை அதிர்வெண்களையும் கேட்கக்கூடியது என்று 1997இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கரைநடை | மே 16, இரவு 11.20

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. அடுப்பங்கரை அக்கா சொன்னபடியே மீனைக் கீறிப் பொரித்தோம், சினையை வெந்நீரில் போட்டுப் பிறகு வறுத்தோம்; தலையையும் எலும்பையும் குழம்பில் போட்டேன். ஒன்றும் வீணாகவில்லை.

அதன்பின் இரண்டு முறை லாம்பர்ட்வில் போனேன். ரீலைத் தளர்த்தி, மீனோடு கரையில் நடந்து பழகினேன். முதல் மாலை ஐந்து கடியில் மூன்று, இரண்டாவது மாலை நான்கு கடியில் மூன்று கைக்கு வந்தன. ஓர் ஆண் மீனை வைத்துக்கொண்டேன், மற்றவற்றை நீருக்குள்ளேயே விட்டேன். அவற்றில் ஒன்று பெரிய பெண் மீன். எதிர்முள்ளை அமுக்கியிருந்ததால் குறட்டால் தொட்டதுமே முள் விழுந்துவிட்டது. தலையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்; செவுள்கள் திறந்து மூடுவது உள்ளங்கையில் தெரிந்தது, முதலில் வேகமாக, பிறகு நிதானமாக. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பின் அது ஒருமுறை உடலை நெளித்து, அவசரமில்லாமல் ஆழத்துக்குள் போயிற்று.

நேற்று, மே 15, நீர்வழி சொன்னபடி வாட்டர் கேப்புக்கு மேலே போனேன். கோலை எடுத்துப் போகவில்லை. நீர் 17 டிகிரி. வெளிச்சம் போய் ஆறும் கரையும் ஒன்றாகத் தெரியத் தொடங்கிய அரை மணியில், முதலில் நடு ஆற்றில் ஒரு சலசலப்பு. யாரோ ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அடித்தது போல இருந்தது. பிறகு இன்னொன்று கரைக்கு அருகே, முப்பது அடிக்குள். இரண்டு மூன்று மீன்கள் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கீறியபடி வட்டமாக ஓடின. முதுகுத் துடுப்பு நீருக்கு மேலே தெரிந்தது. சில நொடிகள்தான், உடனே அடங்கிவிட்டது. அரை மணியில் பதினேழு தடவை எண்ணினேன்; அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தக்கை | மே 17, காலை 6.40

17 டிகிரி என்றால் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் நடக்கும். வரும் சனிக்கிழமை மாலை நானும் வருகிறேன், கோல் இல்லாமல். எந்தப் பக்கத்துக் கரையில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.

கரைநடை | மே 17, காலை 7.05

பென்சில்வேனியா பக்கம், கூழாங்கல் திட்டு நீண்டு கிடக்கும் இடத்துக்குக் கீழே. ஏழரைக்கு முன் வந்துவிடுங்கள். அங்கே இறங்கும் பாதை ஈரத்தில் வழுக்குகிறது, இருட்டிய பின் புதியவர்களுக்கு நல்லதல்ல.